மூத்தவளின் பகையும் வேடிக்கை சாரின் கோட்பாடும்

மூத்தவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் நிறையப் பேர். சின்னவள் ஒருத்திக்குத்தான் திட்டுக்கூடக் கிடைத்ததில்லை. இருவரும் ஓர்ப்படிகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். சலவைக்கூடத்தில் ஒரே மேஜையில் வருஷக்கணக்காகப் போர்வை மடிக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூத்தவளின் அம்மா சாகக் கிடந்த அன்று கூடத்துக்கு வந்த போனை எடுத்தவள் சின்னவள். வேலை முடிகிறவரை வாயே திறக்கவில்லை. மூத்தவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இவளைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே கறுவிக்கொண்டாள்.

அந்தக் கூடத்துக்குத்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். மனிதர்களோடு கூடவே இருந்து அவர்களைப் பற்றி எழுதுவது அவர் தொழிலாம். மாதக்கணக்கில் ஈர மூட்டை சுமந்தார், துணி மடித்தார். பெண்கள் அவருக்கு வேடிக்கை சார் என்று பேர் வைத்தார்கள். நல்ல மனுஷன், சும்மா சொல்லக்கூடாது. ஓர்ப்படிகள் போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, விரலோடு விரல் படாமல் முனைகளைச் சேர்ப்பதை அதுவரை யாரும் கவனித்ததில்லை. அவர் கவனித்தார்.

அவர் எழுதிய புத்தகம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வாசித்துக் காட்டினார். பார்த்து எழுதியதில் ஒரு பிழை கிடையாது. அதன்மேல் வேடிக்கை சார் எழுப்பிய கோட்பாடுதான் மூத்தவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. இந்தப் பெண்களின் பகை பகையே இல்லையாம். ஒருத்தி பாரத்தை இன்னொருத்தி தலையில் ஏற்றாமலிருக்க, அவர்களே அறியாமல் செய்துகொண்ட ஏற்பாடாம். ஆழத்தில் அது ஒற்றுமையாம்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் உயிர்த்தோழிங்கன்னு சொல்லுங்க," என்றார் சூப்பர்வைசர்.

கூடமே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். அதைத்தான் மூத்தவளால் பொறுக்க முடியவில்லை. அம்மாவுக்காக அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பகை ஒன்றுதான். அதையும் ஒரு மனுஷன் துவைத்து மடித்து, வேறு பேர் எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் வேடிக்கை சார் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேஜையருகே நிறுத்தி, "நல்லா கவனிங்க. பேசிக்கவே மாட்டாங்க," என்று கிசுகிசுத்தார்.

மூத்தவள் போர்வை முனையைப் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

"எங்கம்மா சாகக் கெடந்தப்ப ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

சின்னவளுக்கு முகம் வெளுத்தது. இத்தனை பேர் முன்னால் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. பொய் எதுவும் கைவசம் இல்லை.

"நீங்க போயிட்டா உங்க வேலையும் என் தலையில விழும்னுதான்க்கா."

வேடிக்கை சார் தடுமாறிப்போய் மூத்தவளைப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதும்மா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லியே சார். பாத்தே புரிஞ்சிக்கிட்டீங்க."

ஒரு மாணவி எழுதுவதை நிறுத்தியிருந்தாள். "எழுதும்மா," என்றாள் மூத்தவள். "இதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு அப்புறமா யோசிச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு முனையை விட்டாள். போர்வை தரையில் விழுந்தது. நேரே சூப்பர்வைசரிடம் போய், இனி இவளோடு மடிக்க மாட்டேன், ஈரத்துணிப் பக்கம் போடுங்கள் என்றாள். அங்கே வேலை முதுகை ஒடிக்கும். தெரிந்தேதான் கேட்டாள்.

நடந்ததைக் கூடம் முழுக்கக் கேட்டிருந்தது. சின்னவளோடு சோடி சேர ஒருத்தியும் முன்வரவில்லை. ஒற்றை ஆளாய் மடிக்கக்கூடிய போர்வையா அது? சின்னவள் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு சாயங்காலம்வரை மல்லுக்கட்டினாள். மூத்தவள் ஈர மூட்டைகளுக்கு நடுவே நின்று அதைக் கண்குளிரப் பார்த்தாள்.