மாந்துளிர்ச் சேலை

செல்லூரில் எங்கள் வீட்டுப் பின்சுவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், சுவருக்கு அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில், என் கை எட்டும் உயரம் வரைக்கும் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள். அத்தனையும் என் கைவேலை. அதற்காக அம்மாவிடம் நான் வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கே இல்லை. ஆனாலும் அந்தப் புள்ளி விழாமல் எங்கள் வீட்டில் ஒரு நூலும் சாயத்தொட்டிக்குள் இறங்காது.

அய்யாவுக்கு நாலு தறி இருந்தது. நூலுக்குச் சாயம் போடுவது அம்மாவின் தம்பி, என் தாய்மாமா. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். முன்பெல்லாம் சாயப்பொடி சீமையிலிருந்து தகர டப்பாவில் வரும். சிவப்பு டப்பாவில் சிங்கம், பச்சை டப்பாவில் கிளி, நீலத்தில் யானை என்று படம் ஒட்டியிருக்கும். சீமையில் உலகச் சண்டை தொடங்கியதும் டப்பா நின்றுபோனது. எங்கெங்கோ பதுங்கிக் கிடந்த பொடியைப் பொட்டலம் கட்டி விற்றார்கள். பொட்டலத்தின்மேல் சிங்கமும் இல்லை, கிளியும் இல்லை. காய்ந்த பொடியாகப் பார்த்தால் பலதும் ஒரே மங்கலாகத்தான் இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து ஈரச் சுவரில் தேய்த்தால்தான் உள்ளே இருக்கிற நிறம் வெளியே வரும். அந்தத் தேய்க்கிற உத்தியோகத்தை மாமா எனக்குக் கொடுத்திருந்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது.

தேய்த்ததும் கேட்பார்: “மருமகளே, இது எதப்போல இருக்கு? சொல்லு பாப்போம்.”

வெறுமனே நிறத்தின் பேரைச் சொன்னால் போதாது. “அத யாரு வேணும்னாலும் சொல்லுவாக. எதப்போல?” என்பார். மிளகாய்ப்பழம் என்பேன், கோவைப்பழம் என்பேன், கத்தரிப்பூ, வேப்பங்கொழுந்து என்பேன். நான் சொல்லச் சொல்ல அவர் அளந்து தொட்டியில் போடுவார். நூல் வேகும்போதும் இதே விளையாட்டுத்தான். இப்போது எதைப்போல என்பார்; செங்கல் என்பேன். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்பார், செம்பருத்தி என்பேன். அப்படியானால் எடுத்துவிடலாம் என்று கம்பை உள்ளே விடுவார்.

இதனால் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. கண்ணில் பட்டதையெல்லாம் நிறமாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். வெங்காய மண்டியில் நின்று சருகைப் பொறுக்குவேன். நுங்கு வாங்கினால் தின்பதற்கு முன்னால், வெளியே கருஞ்சிவப்பு, அடுத்து இளம்பச்சை, உள்ளே பால்வெள்ளை என்று வரிசை சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சரம்மாவின் சேலையைப் பார்த்து முற்றிய கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டு ஒரு நாள் முழுக்கப் பெஞ்சுமேல் நின்றேன். தெருவில் என்னைக் கைராசிக்காரி என்றார்கள். என் கை பட்டால் சாயம் பிடிக்கிறதாம். அந்தப் பெருமையில் நான் தரையில் கால் பாவாமல் திரிந்துகொண்டிருந்தேன்.

அந்த ஆவணியில்தான் தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை முதலாளி முதல்முறையாக எங்களுக்கு நூல் கொடுத்தார். நூலுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். நூல் இல்லாமல் செல்லூரில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன, எங்களுடையதிலும் இரண்டு. முதலாளி ஒரு சிப்பம் நூலைக் கொடுத்து, முகூர்த்தத்துக்குக் குங்குமச் சிவப்பில் சேலை வேண்டும் என்றார். பிடித்தால் தொடர்ந்து நூல் தருவேன், பிடிக்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று கையோடு சொல்லியும் விட்டார். நாலு தறியும் ஓடுவதும் நிற்பதும் அந்தச் சிவப்பில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாவும் நானும் மேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மூன்று நாள். சாயத்தை நான் வந்த பிறகு போடலாம் என்று மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு சின்னப் பிள்ளைக்காகத் தறி காத்துக் கிடக்குமா என்று அய்யா சத்தம் போட்டுவிட்டார். அய்யா சொன்னதும் நியாயம்தான்.

நாங்கள் திரும்பி வந்தபோது அய்யாவும் அப்போதுதான் வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைந்தார். மூன்று பேருமாகப் பின்பக்கம் போனோம். மூங்கில் கம்புகளில் நூல் சிட்டங்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மாமா பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு நின்றார்.

“எப்பிடி மச்சான் இருக்கு? குங்குமம் தோத்துப் போகணும்ல?”

நான் பார்த்தேன். குங்குமத்தின் வாடையே அதில் இல்லை. செம்புமில்லாமல் பழுப்புமில்லாமல் ஒரு நிறம். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, “ஆத்தீ, சாணியில முக்கி எடுத்தியளாக்கும்!” என்றாள். மாமாவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. அவர் நூலைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், திரும்பவும் நூலைப் பார்த்தார்.

“குடிச்சிருந்தியா மாப்ள?” என்றார் அய்யா.

மாமா தரையைப் பார்த்தார். பிறகு, “ஆமா மச்சான். குடிச்சுட்டேன்” என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாள் முழுக்க மாமாவின் முதுகிலேயே தொங்குகிறவள் நான். கள்ளுக்கடை இருக்கிற பக்கம்கூடப் போகாமல் சுற்றுவழியில் நடக்கிற மனிதர் அவர். நான் போய்ப் பொட்டலத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தை ஈரச் சுவரில் தேய்த்துப் பார்த்தேன். ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை. இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டியிருந்தார்.

நியாயமாக எனக்கு மாமாமேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாணி என்று சொன்னாளே, அவள்மேல்தான் வந்தது. ஒரு துண்டு நூலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுச் சுவரில் அவளே தட்டியிருந்த வறட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சமும் ஒட்டவில்லை. “உங்க சாணி வேற, எங்க நூலு வேற” என்று அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் விளக்குமாற்றை எடுத்தாள்.

சாணி இல்லையென்றால் பிறகு எது? அந்த நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஊரெல்லாம் திரிந்தேன். செங்கல்லில் வைத்தேன், புளியில் வைத்தேன், கருப்பட்டியில் வைத்தேன், ஜட்கா வண்டிக் குதிரையின் வயிற்றில் வைத்து உதை வாங்கப் பார்த்தேன். கோரிப்பாளையம் தர்கா வாசலில் ஊதுபத்தி விற்கிற பாய் தாடிக்கு மருதாணி போட்டிருப்பார். விஷயத்தைச் சொன்னதும், “இந்தா புள்ள, நல்லாப் பாத்துக்க” என்று சிரித்துக்கொண்டே தாடியை நீட்டினார். கிட்டத்தில் வந்தது. ஆனாலும் தாடியில் சிவப்பு ஒரு பங்கு கூடுதல்.

அங்கிருந்து திரும்பும் வழியில் ஒரு பங்களாவின் மதிலுக்கு வெளியே மாமரக் கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கிளை நுனி முழுக்கப் புதுத் துளிர். எம்பி ஒரு கொத்தைப் பிடித்துக் கையோடு சேர்த்து வைத்தேன். நூல் காணாமல் போய்விட்டது. எது இலை, எது நூல் என்று எனக்கே தெரியவில்லை. அந்த மதிலோரத்தில் நின்று நான் போட்ட கூச்சலில் காவல்காரன் கம்போடு வந்தான். கிளையை ஒடித்துக்கொண்டு எடுத்த ஓட்டம், ஆற்று மணல் வரும்வரை நிற்கவில்லை.

மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் கிளையை முழுசாகப் பார்த்தேன். நுனியில் செம்புத் துளிர். அதற்குக் கீழே கொஞ்சம் மூத்த இலைகள், எலுமிச்சைக் காயின் பச்சையில். நடுவில் மஞ்சளாக ஒரு நரம்பு. தனியாக நின்றால் செத்துக் கிடக்கிற அந்தச் செம்பு, பச்சைக்குப் பக்கத்தில் எப்படி மினுங்குகிறது! பரீட்சைக்குக் கேள்வியும் நானே, விடையும் நானே என்பதுபோல வீட்டுக்கு ஓடினேன்.

அய்யா சும்மா கிடந்த தறியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கிளையை அவர் மடியில் போட்டு, சேலைக்கு உடல் இது, கரை இது, இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக மஞ்சள் கோடு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். போன வருஷத்துப் பச்சையிலும் மஞ்சளிலும் கொஞ்சம் நூல் பரணில் கிடந்தது எனக்குத் தெரியும். அய்யா கிளையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார். அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செவப்பாகாதுன்னு ஆகிப்போச்சு. புள்ள சொல்றபடிதான் ஒண்ணு நெய்யுங்களேன், என்ன கொறஞ்சு போச்சு?” என்றாள். பத்தியக் கஞ்சி குடிக்கிறவர் முகத்தோடு அய்யா அந்த ஒரு சேலையை நெய்து முடித்தார்.

அதை எடுத்துக்கொண்டு அய்யாவும் மாமாவும் நானும் தெற்கு மாசி வீதிக்குப் போனோம். கடையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்திருந்த கல்யாணக் கூட்டம் ஒன்று, கல்யாணப் பெண்ணையும் கூட வைத்துக்கொண்டு, சேலை பொறுக்கிக்கொண்டிருந்தது. எதைக் காட்டினாலும் அந்தப் பெண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். முதலாளி ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். அய்யா விரித்த சேலையைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

“நான் கேட்டது குங்குமம். இது என்ன கலருய்யா? இதுக்குப் பேரு என்ன?”

அய்யா மாமாவைப் பார்த்தார். எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் பேர் இல்லாத சேலை விற்காது. ‘மயில்கழுத்து எடுங்க, ராமர் பச்சை பாருங்க’ என்று கூப்பிட்டு விரிக்க ஒரு பேர் வேண்டும். நான் மாமாவின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “மாந்துளிர்!”

கல்யாணக் கூட்டத்தில் பருத்த அம்மாள் ஒருத்தி திரும்பினாள். “மாந்துளிரா? எங்க, இங்கிட்டுக் காட்டு.” சேலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு பெண்ணின் தோளில் போட்டாள். அந்தப் பெண் நல்ல கறுப்பு. அதுவரை போட்டுப் பார்த்த சேலைகள் எல்லாம் அவளை மங்க வைத்தன. இது அவள்மேல் விழுந்ததும் அவள் முகத்துக்கு விளக்கு ஏற்றியது. “ஆத்தாடி, மரம் துளிர்த்தாப்புல இருக்காளே!” என்று யாரோ ஒருத்தி சொன்னாள். சிவப்புச் சேர்ந்த நிறம்தான், முகூர்த்தத்துக்கு ஆகும் என்று பருத்த அம்மாள் தீர்ப்பும் சொன்னாள். பெண்ணுக்கு இது, நாத்தனார்மாருக்கும் இதே நிறத்தில் ஆளுக்கு ஒன்று என்று கேட்டார்கள்.

முதலாளியின் முகம் மாறிய வேகத்தை நான் அதற்குப் பிறகு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. “நாந்தேன் புதுசா ஒரு கலரு போடச் சொல்லிருந்தேன்” என்றார். திரும்பும்போது அய்யாவின் தலைமேல் இரண்டு சிப்பம் நூல் இருந்தது. செல்லூர்த் தெருவில் நுழைந்ததும் நான் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, மாந்துளிர் மாந்துளிர் என்று மூன்று முறை கத்திவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். அன்று எனக்குக் குட்டு விழவில்லை.

மறுநாள் ஒரு கூத்து நடந்தது. அதே நிறம் மறுபடியும் வர வேண்டுமே! யோசித்துப் பார்த்த அய்யா, கள் நிறைந்த கலயம் ஒன்றைத் துண்டால் மூடிக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் வைத்தார். “அன்னைக்கு எம்புட்டுக் குடிச்சியோ, அம்புட்டே குடிச்சுட்டு சாயத்தப் போடு மாப்ள” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். மாமா கலயத்தைப் பார்த்தார். பின்பக்கம் கொண்டுபோய் வாழை மூட்டில் கவிழ்த்துவிட்டு வந்தார். “மருமக பக்கத்துல இருந்தாப் போதும் மச்சான்” என்றார். அன்று நான் தொட்டிக்கு அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் என்று ராணி மாதிரி அதிகாரம் செய்தேன். மாந்துளிர் அச்சாக வந்தது. நாலு தறியும் ஓடின. அந்த வருஷம் தீபாவளிக்கு எனக்கு அதிலேயே பாவாடை.

எனக்குக் கல்யாணமாகிப் போனதும் மாமா சாயம் போடுவதை விட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார். பாசம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து அழுதேன். பின்னால் என் மகன் ரயில்வே வேலைக்குப் போனபோது, டாக்டர் ஒரு புத்தகத்தில் புள்ளிகளைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும், இது தாய்வழியில் வருவது, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று என்னைக் கேட்டார். மாமா அப்போது உயிரோடு இல்லை. பார்வைக் குறையுள்ள சாயக்காரன் என்பதற்குக் குடிகாரன் என்ற பேர் மேல் என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் ஜவுளிக்கடையிலிருந்து வெற்றியோடு திரும்பிய அன்று, அய்யா முன்னால் நடக்க, மாமா குனிந்து என் காதில் கேட்டார்: “மருமகளே, நெசமாவே அது அம்புட்டு அழகா இருந்துச்சா?”

நான் இருந்த இருப்பில் வாய் சும்மா இருக்குமா? “ஏன் மாமா, ஒங்க கண்ணு என்ன பொட்டையா?” என்றேன்.

மாமா ஆற்றுப்பாலத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.