முதலாளி பின்வாங்கிய நாள்

பூங்காவில் குழந்தைகளை ஏற்றிக் குட்டி வண்டி இழுக்கும் குதிரையும் குட்டிதான். என் அக்காவின் இடுப்புக்கு மேல் வளராத ஜாதி. பெயர் முதலாளி. அத்தான் வைத்த பெயர். வீட்டில் அது நடத்திய அதிகாரம் அப்படி. அக்காவை அங்கே எல்லோருக்கும் குதிரைக்காரம்மா என்றுதான் தெரியும்.

கெடுத்தது அத்தான்தான். அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். முன்னங்கால்களைத் தூக்கி அவர் தோளில் போட்டால் சிரிப்பார், விரலைக் கடித்தால் அதற்கும் சிரிப்பார். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு செல்லம் இன்னும் கூடிப்போனது. கட்டில் ஜன்னலோரம், ஜன்னலுக்கு வெளியே கொட்டகை. நாள் முழுக்கக் கேரட்டைக் கையால் ஊட்டிக்கொண்டிருப்பார்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா? வண்டியிலிருந்து பிள்ளையை இறக்கிக்கொண்டிருந்த ஒரு தாயை, காதைப் பின்னால் மடித்து, பின்பக்கத்தைத் திருப்பி, முழங்காலில் உதைத்துவிட்டது. “இன்னொரு தடவை உதைச்சா வண்டியோட வெளியே போயிடணும்மா” என்றார் பூங்கா மேனேஜர். அந்த வண்டி ஓடினால்தான் அத்தானுக்கு மருந்து.

அக்கா கால்நடை டாக்டரிடம் ஓடினாள்.

“ஒரு பெரிய குதிரை இப்படி உங்க தோள்ல காலைத் தூக்கிப் போட்டா சிரிப்பீங்களா?” என்று கேட்டார் அவர். “சின்னதுதானேன்னு நீங்க ஒதுங்கி ஒதுங்கிப் போறீங்க. யாரு யாரை நகர வைக்கிறாங்களோ அவங்கதான் பெரியவங்க. அதோட கணக்கு அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து அக்கா ஒதுங்கவில்லை. அது பின்பக்கத்தைத் திருப்பினால் கயிற்றைச் சுழற்றி விரட்டுவாள். ஒரு அடி அடித்ததில்லை. இவள் ஓரடி முன்னால் வைத்தால் அது பின்னால் போக வேண்டும். தீனி வாளியில் மட்டும், அதுவும் குதிரை விலகி நின்ற பிறகுதான். ஆனால் இவள் கொட்டகையில் கற்றுக்கொடுத்ததையெல்லாம் அத்தான் ஜன்னல் வழியாகக் கெடுத்தார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதைதான்.

கடைசியில் அக்கா வாய்விட்டுச் சொன்னாள். “என்னங்க, இனிமே கையால குடுக்காதீங்க.”

“எனக்கு இருக்கிறது அது ஒண்ணுதானே?”

“தெரியுதுங்க. இன்னொருத்தரை உதைச்சா அதையும் வித்துடணும்.”

அத்தான் நிறுத்திக்கொண்டார். கேரட்டை நறுக்கித் தட்டில் போட்டு அக்காவிடம் நீட்டுவார். அவள் வாளியில் போடுவாள். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. குதிரை மட்டும் திருந்திவிட்டது. யார் கையை நீட்டினாலும் விலகி நின்றது.

அத்தானுக்கு மூச்சு மோசமான அன்று, “முதலாளியை ஒரு தடவை தொட்டுக்கறேன்” என்றார்.

அக்கா அதை அவிழ்த்து ஜன்னலருகே கொண்டுவந்தாள். அத்தான் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினார். அது கைக்கு எட்டாமல் மரியாதையாக நின்றது. “வாடா” என்று அக்கா கயிற்றை இழுத்தாள். வரவில்லை. பக்கத்தில் போய்த் தள்ளிவிடலாம் என்று ஓரடி வைத்தாள். அது ஓரடி பின்னால் போனது. இன்னோர் அடி வைத்தாள். அது இன்னும் பின்னால் போனது. அவள் பதறிப் பதறி நெருங்க, அது கொட்டகைச் சுவர்வரை போய்விட்டது.

“விடும்மா, அது சொன்னபடி கேக்குது” என்று அத்தான் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். “வாளியிலேயே போடு.”

அது மென்று தின்னும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

இப்போது பூங்காவில் முதலாளிக்கு ஏகப்பட்ட நல்ல பெயர். நேற்று மேனேஜரே பாராட்டிவிட்டுப் போனாராம். அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நல்ல குதிரை, நல்ல குதிரைங்கிறாங்கடி. அவர் கூப்பிட்டு வராத குதிரை என்னடி நல்ல குதிரை?”