தொண்டையில் சிக்காத நாய்

ஒரு பாட்டைக் கேட்டதுமே, பாடியது மனிதரா இயந்திரமா என்று உங்களால் சொல்லிவிட முடியுமா? முடியும் என்று தலையாட்டினால், பென்ட்டேயின் கதையை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். அவளும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பென்ட்டேவுக்கு ஐம்பத்தாறு வயது. ஓர்ஹூஸ் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறாள். வியாழக்கிழமை மாலைகளில் பேட்டை வானொலியில் புதிய டேனிஷ் பாட்டுகளுக்காக ஒரு மணி நேரம் நிகழ்ச்சி நடத்துகிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது. பெயர் தெரியாத இளசுகள் படுக்கையறையில் உட்கார்ந்து கணினியில் கோத்த பாப், மின்னிசை எல்லாம் அவளுக்கு வந்து குவியும். வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு. ஈரல் பசை தடவிய கறுப்பு ரொட்டியைக் கடித்தபடி அங்கேதான் அவற்றைக் கேட்பாள். அவள் கண்டெடுத்தவர்களில் இரண்டு பேர் இன்று பெரிய மேடைகளில் பாடுகிறார்கள். அதனால் அவள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வம்பும் அங்கிருந்துதான் தொடங்கியது.

மார்ச் மாதம் ‘கடைசிப் படகு’ என்ற பெயரில் ஒரு பாட்டு வந்தது. எஞ்சின் அதிர்வு ஒன்று மெல்ல மெல்லத் தாளமாக மாறும். அதன்மேல் குளிர்ந்த நீர் போல ஒரு பெண் குரல். பென்ட்டேவுக்கு உடனே பிடித்துப்போனது. உடனே பிடித்துப்போனதே அவளுடைய முதல் சந்தேகம்.

தேடிப் பார்த்தாள். பாடகிக்குப் படம் இல்லை, ஊர் இல்லை, எந்த மேடையிலும் ஏறிய தடம் இல்லை. இரண்டு வாரத்தில் நான்கு பாட்டு வெளியாகியிருந்தது. அப்படியிருந்தும் நகரத்து வசந்த விழாக் குழு, புதுமுகங்களுக்கான ஒரே இடத்தை அந்தப் பெயருக்குக் கொடுத்திருந்தது.

“அக்ஸல், இதக் கொஞ்சம் கேளு,” என்றாள் பென்ட்டே. அக்ஸல் இருபது வருடமாக அவளுடன் இருக்கும் ஒலிப்பதிவாளன்.

பாட்டின் நடுவில் பேச்சாக ஒரு வரி வந்தது. டேனிஷில் ‘ஹுன்’ என்றால் அவள். அதையே தொண்டையில் ஒரு கணம் விக்கல்போலப் பிடித்து விட்டால் நாய். எழுத்து வேறாக இருந்தாலும் காதுக்கு அந்தப் பிடிப்பு ஒன்றுதான் வித்தியாசம். இந்தக் குரல் பிடிக்காமல் சொன்னது: ‘என் ஹுன் படகுத்துறையில் காத்திருக்கிறது, நனைந்து உடம்பை உதறுகிறது.’

“என் அவளாம். எந்த ஊர்ல இப்படிப் பேசுவாங்க?” என்றாள் பென்ட்டே. “அவ நனைஞ்சு வந்து உடம்ப உதறுறாளாம்.”

“நாயா இருக்கும்டி. பாடும்போது அந்தப் பிடிப்பு தொலையறது சகஜம்தானே?”

“இது பாடுற இடம் இல்ல, பேசுற இடம். பிறந்ததுலேர்ந்து டேனிஷ் பேசுற யாருக்கும் நாய் தொண்டையில சிக்காம வெளிய வராது.”

“உனக்கு உன் பஸ்ல பேசுற அந்தப் பெட்டி மேல கோவம். அத இங்க காட்டுற.”

அது உண்மைதான். பத்து வருடமாக நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிவந்த பெண்ணின் குரலை எடுத்துவிட்டு, போன வருடம் இயந்திரக் குரலைப் போட்டிருந்தார்கள். அது பாதிப் பெயர்களில் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. பயணிகள் சிரிப்பார்கள், பென்ட்டே பல்லைக் கடிப்பாள். ஒரு பெண்ணின் பிழைப்பைப் பறித்த குரல் அல்லவா? அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு நியாயமான கோபம் இன்னொருவர் மீதான குற்றச்சாட்டுக்குச் சாட்சி ஆகாது.

அந்த வியாழக்கிழமை அவள் வானொலியில் சொன்னாள்: “இது ஆள் இல்லை. இயந்திரம் செய்த பாட்டு. மனிதப் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய மேடையை ஒரு பெட்டிக்குக் கொடுக்கிறார்கள்.”

மறுநாளே விழாக் குழு பெயரை நீக்கியது. குழுவில் ஒன்பது பேர். ஒருவர்கூடப் பாடகிக்கு ஒரு வரி எழுதிக் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து பென்ட்டேவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: ‘நான் மனுஷிதான். என் பேர் டிட்டே. மேடையத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க.’ கீழே தொலைபேசி எண்ணும் இருந்தது.

“இதையும்தான் பெட்டி எழுதும்,” என்று பென்ட்டே அதை ஒதுக்கிவிட்டாள். சந்தேகத்தின் வசதியைப் பாருங்கள். குற்றவாளி பேசாவிட்டால் அது ஒப்புதல். பேசினால் அதுவும் தந்திரம்.

ஏப்ரலில் ஒரு மழைக் காலையில் ரயில் நிலையத்து நிறுத்தத்தில் ஒரு முதியவர் ஏறினார். கையில் பயணப் பெட்டி.

“என் ஹுன்னுக்கு டிக்கெட் வேணுமாம்மா?” என்று கேட்டார்.

பென்ட்டே அவர் பின்னால் எட்டிப் பார்த்தாள். பெண் யாரும் இல்லை. “அவங்க எங்க? சீக்கிரம் ஏறச் சொல்லுங்க, நேரமாகுது.”

“யாரு?”

“உங்க அவங்க.”

முதியவர் காலடியைக் காட்டினார். சொட்டச் சொட்ட நனைந்த பழுப்பு நாய் ஒன்று பேருந்துக்குள் ஏறி நின்று, பென்ட்டேயின் கால்சட்டைமேல் உடம்பை உதறியது.

“என் பொண்டாட்டி செத்து ஆறு வருஷம் ஆச்சு,” என்றார் அவர். “அவளுக்கு டிக்கெட் வேண்டாம்.”

பேருந்தே சிரித்தது. பென்ட்டே மட்டும் சிரிக்கவில்லை.

“நீங்க எந்த ஊரு?”

“ஏரோ தீவு. நாங்க நாயத் தொண்டையில கட்டிப் போடுறதில்ல. அவுத்து விட்ருவோம்.”

தெற்குத் தீவுக்காரர்களின் பேச்சில் அந்தப் பிடிப்பே கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததை, தனக்கு வேண்டாத நேரத்தில் மறந்துவிட்டிருந்தாள்.

கடைசி நிறுத்தத்தில் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அந்த எண்ணை அழைத்தாள்.

“நான் பென்ட்டே. வானொலி.”

“ஓ.” பின்னால் எஞ்சின் அதிர்ந்தது. அதே தாளம். “பெட்டிகிட்ட என்ன பேசப் போறீங்க?”

“நீ ஏரோவா?”

“ஏரோதான். தீவுக்குக் கார் ஏத்திட்டுப் போற இந்தப் படகுல கார்கள வரிசையா நிறுத்த வைக்கிறது என் வேலை. மூணு வருஷமா சேர்த்து வச்ச பாட்டு. மொத்தமா வெளிய விட்டேன். அது தப்பா?”

“படம் ஏன் போடல?”

“பாட்டு கேக்கத்தானே? மூஞ்சி எதுக்கு?”

“நான் தப்புப் பண்ணிட்டேன், டிட்டே.”

“வானொலியில சொன்னீங்கல்ல? அங்கயே சொல்லுங்க.”

அடுத்த வியாழக்கிழமை சொன்னாள். எதைக் கேட்டு ஏமாந்தாள், ஏன் ஏமாந்தாள், வந்த மின்னஞ்சலை எப்படி ஒதுக்கினாள் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு விழாக் குழுத் தலைவர் பிரீபெனை அழைத்தாள்.

“அவ மனுஷிதாங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?” என்றார் பிரீபென்.

“அவ மனுஷி இல்லன்னு நான் சொன்னப்ப என்கிட்ட ஆதாரம் கேட்டியா?”

“நிகழ்ச்சி நிரல அச்சடிச்சாச்சு, பென்ட்டே. அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துட்டோம். அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

வேறு ஆளும் புதுப் பையன்தான். அவனை இறக்குவது இன்னொரு அநியாயம். பென்ட்டே அதைக் கேட்கவில்லை. விழா நடந்த சனிக்கிழமை டிட்டே படகில் கார்களை நிறுத்த வைத்துக்கொண்டிருந்தாள். நீக்கியதற்குக் காரணம் சொல்லியோ வருத்தம் தெரிவித்தோ அந்த ஒன்பது பேரும் இன்றுவரை அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. பென்ட்டே மாதம் ஒரு கடிதம் அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

இயந்திரப் பாட்டு உண்டு, ஏமாற்றும் உண்டு. சந்தேகப்படுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நாளைக்கே உங்கள் கைப்பேசியில் முகம் தெரியாத ஒருத்தியின் பாட்டு வரும். அதன் கீழே ‘போலி’ என்று எவராவது எழுதியிருப்பார். அதை நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன், எழுதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாடியவளிடம் விசாரித்தீர்களா?