தும்மல் அண்ணியும் கிடங்குப் பூனைகளும்

படகை விட்டு இறங்கிய புதுப்பெண்ணை வரவேற்க மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பூனைகள்தான் அதிகமாக வந்திருந்தன. மீன் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்த கூட்டம் அது. கரையில் கால் வைத்ததும் தும்மத் தொடங்கியவள் வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. மறுநாளே கொழுந்தன் 'தும்மல் அண்ணி' என்று பெயர் வைத்தான். தீவு முழுக்க அதுவே ஒட்டிக்கொண்டது.

ஒரு காலத்தில் அங்கே பெரிய தானியக் கிடங்குகள் இருந்தன. கப்பலில் தானியத்தோடு எலிகளும் வந்து இறங்கின. எலிகளை ஒழிக்கப் பூனைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன, கிடங்குகளுக்குப் பூட்டு விழுந்தது. பூனைகளிடம் மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. கிடங்கின் கடைசிக் காவலாளி அவளுடைய மாமனார்தான். வேலை போன பிறகும் தினமும் போய்ச் சோறு வைத்துவிட்டு வருவார். பூனைகள் அவருக்கு 'நம்ம பசங்க'.

அவள் வீட்டிலேயே துணி தைத்தாள். வெட்டி வைத்த துணிமேல் ஏதாவது ஒரு பூனை சுருண்டு படுத்திருக்கும். இது ஒவ்வாமை, அக்கரைக்குக் குடிபோவதுதான் வழி என்றார் டாக்டர். படகு இன்ஜின் பழுதுபார்க்கும் கணவன் அதற்கும் தயார்தான். அவள்தான் கேட்கவில்லை.

"எங்கிட்ட துணி குடுக்கிறவங்க எல்லாம் இங்க இருக்காங்க. நான் மட்டும் அங்க போய் என்னங்க பண்றது?"

மழைக்காலம் வந்தால் கவிழ்த்து வைத்த படகுகளுக்கு அடியில் குட்டிகள் விறைத்துக் கிடக்கும். மாமனார் கண்ணில் படுமுன் அவளே எடுத்துப் புதைத்துவிடுவாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். அழுகிறாளா, ஒவ்வாமையா என்று பார்ப்பவர்களுக்குப் புரியாது. சில நாள் அவளுக்கே புரியாது.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவளே அக்கரைக்குப் போய் மாட்டு டாக்டரைப் பார்த்தாள். பூனைகளைப் பிடித்துக்கொண்டு வந்தால் கருத்தடை செய்து தருவதாக அவர் சொன்னார். கூண்டு செய்ய வைத்தாள். மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு கிடங்குப் பக்கம் போனாள். அடையாளத்துக்காகக் காது நுனி வெட்டப்பட்டுத் திரும்பி வந்த முதல் பூனையைப் பார்த்ததும் மாமனார் முகம் சுண்டிப்போயிற்று. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் உப்பு வேண்டும் என்பதைக்கூட மகனிடம்தான் சொல்வார். அவளும் உப்பைக் கணவனிடமே கொடுப்பாள். நடுவில் மாட்டிக்கொண்டு அவன் விழி பிதுங்கினான்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. அடுத்த மழை விட்ட ஒரு காலையில் மாமனார் கரைக்குப் போய் ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்தார். ஒன்றின் அடியிலும் விறைத்த குட்டி எதுவும் இல்லை.

மறுநாள் அவள் அக்கரைக்குக் கிளம்பியபோது, அவர் கையில் கூடையோடு வாசலில் நின்றார். உள்ளே ஒரு மூவர்ணப் பூனை.

"இவ யார் கைக்கும் சிக்க மாட்டா. அதான் நானே பிடிச்சிட்டு வந்தேன். வலிக்காம பண்ணச் சொல்லும்மா."

"நீங்களே வந்து டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, மாமா. உங்களுக்கும் நம்பிக்கையா இருக்கும்."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். படகில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மூடியை விரலால் தட்டித் தட்டிப் பேச்சுக்கொடுத்தபடியே இருந்தார். அவள் காற்றடிக்கும் பக்கம் பார்த்து மறுமுனையில் போய் உட்கார்ந்தாள்.