ஏரிக்கரைப் பலகையில் ஓர் ஒற்று

முடிச்சூர் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று அரசாங்கம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னது நான். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில், அரசு அறிவிப்பைப் போலவே எழுதி, ஆள் நடமாட்டமில்லாத ஒரு மத்தியான வெயிலில் கரை முனையில் நட்டேன். "ஏரிக்கரையில் மிதிவண்டிகளுக்குத் தடை. மீறுவோர் தண்டிக்கப்படுவர்." இந்த வயதிலும் அதை நினைத்தால் தலை குனிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். சர்க்கரை வந்துவிட்டதால் டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். தாம்பரத்துச் சாலைகளில் லாரிக்குத் தப்பி நடப்பதே பெரும்பாடு. ஏரிக்கரையோ சொர்க்கம்: ஒரு பக்கம் தண்ணீரும் நீர்க்கோழியும், மறுபக்கம் வயல், நடுவே மாட்டுவண்டிகள் போட்ட இரண்டு தடங்கள். இரண்டிலும் மாறி மாறி நடப்பேன். பின்னால் சைக்கிள் மணி கேட்டால், சைக்கிள் திரும்பும் பக்கமாகப் பார்த்து நானும் பாய்வேன். ஒரு மழைநாளில் அப்படிப் பாய்ந்து, புது கான்வாஸ் ஷூவோடு சேற்றில் உட்கார்ந்தேன். பலகை அந்தச் சேற்றில் முளைத்ததுதான்.

எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டுச் சாலை வழியே ஓட்டிப் போனார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகும் ஒரு பெண் மட்டும், சாலை லாரிகளுக்குப் பயந்து, தினமும் கரைமேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வருவாள். பார்த்தும் பார்க்காததுபோல நடந்தேன்.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள் என் மனைவியும் உடன் வந்தாள். பலகையைப் படித்தவள் நின்றுவிட்டாள்.

"கவர்ன்மென்ட் போர்டுல 'க்கு'க்கு அப்புறம் 'த்' வந்து எங்கயாவது பார்த்திருக்கீங்களா? இது உங்க வேலைதானே?"

அதற்குள் அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். ஏன் தள்ளிக்கொண்டு போகிறாய் என்று மனைவி கேட்டாள்.

"போர்டு போட்டுக்கீறாங்களே அக்கா. தள்ளிக்கினு போறதுக்குள்ள கேட்டைச் சாத்திடுறாங்க. இன்னொரு தபா லேட்டானா வேலைக்கே வராதேன்னுட்டாரு சூப்ரவைசரு."

மனைவி என்னைப் பார்த்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பலகை வைத்தது நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், என் ஷூவைப் பார்த்தாள்.

"லேட்டாவுது சார்" என்று ஏறி மிதித்துப் போய்விட்டாள்.

உடனே பலகையைப் பிடுங்கினேன். கம்பெனிக்குப் போய் மேற்பார்வையாளரிடம் எல்லாம் சொன்னேன். சிரித்து முடிக்கவே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார். திருப்பி அனுப்பிய நாட்களின் கூலியைத் தர மட்டும் மறுத்துவிட்டார். அதை நான் கொடுக்கப் போனபோது அவளும் வாங்கவில்லை.

"காசு வேணாம் சார். போர்டுதான் நல்லா எழுதுறீங்களே, எங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க."

எழுதினேன். நடப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பக்கத் தடம். வயல் பக்கத் தடத்தில், "மிதிவண்டிகளுக்கு தனி வழி". 'த்' போடக் கை துடித்தது. மனைவி விடவில்லை. இப்போதுதான் அசல் கவர்ன்மென்ட் போர்டு மாதிரி இருக்கிறது என்றாள். அவள் சொன்னபடியே யாரும் சந்தேகப்படவில்லை.

அந்தப் பெண் அதன்பிறகு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். என்னோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. கடக்கும்போது மட்டும், அவள் தடத்தில் யாரும் குறுக்கே இல்லாவிட்டாலும், மணியை நீளமாக அடிப்பாள். தண்ணீர்ப் பக்கமே நடந்துகொண்டிருக்கும் நான், இன்னும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்வேன்.