ஓடும் இயந்திரத்துக்கு ஒரு பொட்டு

ஸ்வீடனின் வடக்கே நான் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்தில் சாம்பல் நிறம் தவிர வேறு நிறமே கிடையாது. சுவர், மேசை, டிசம்பர் மாதத்து வானம், எல்லாம் ஒரே சாயம். எஃகின் மேல் வைரம்போல் கடினமான கரிப்பூச்சு பூசி, எண்ணெயில் உரசவிட்டு, எவ்வளவு தேய்கிறது என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. அங்கே ஒரு சிட்டிகை செந்தூள் தெரிந்தால் போதும், எல்லோர் முகமும் மாறிவிடும். பூச்சு கிழிந்து, அடியிலுள்ள எஃகு துருவாக உதிர்கிறது என்று பொருள். செங்கல்பட்டில் பிறந்த நான் சிவப்பைக் கண்டு பயப்படக் கற்றுக்கொண்டது அந்த ஊரில்தான்.

சென்ற முறை ஊருக்கு வந்தது விடுப்பில் அல்ல, வேலையாக. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு சின்ன எண்ணெய்க் கம்பெனி. அங்கே சோதனைப் பொறியாளர் சுமதி, செய்யூர்க்காரப் பெண். உராய்வைக் குறைக்க எண்ணெயில் சேர்க்கும் மாலிப்டினம் மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெறும் எஃகுக்கு அமிர்தம், கரிப்பூச்சையோ தின்றுவிடும். சுமதி அதனுடன் துத்தநாகச் சேர்மானம் ஒன்றை அளவாகக் கலந்து அதன் பல்லைப் பிடுங்கியிருந்தாள். பிடுங்கினாளா என்று பார்க்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். கரிப்பூச்சு பூசிய வட்டை அந்த எண்ணெயில் உரசும் இயந்திரம் ஒரு வாரம் நிற்காமல் ஓட வேண்டும். பூச்சு தாங்கினால் எங்கள் கம்பெனி எண்ணெயை வாங்கும். இல்லையென்றால் சுமதியின் இத்தனை நாள் உழைப்பும் சாக்கடைக்குத்தான்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. நான் மாமல்லபுரத்தில் தம்பி வீட்டில் பொரி தின்றுகொண்டிருந்தேன். மறுநாள் காலை வந்து பார்த்தால், சுழலும் வட்டுக்குப் பக்கத்துத் தட்டில் செந்தூள். கடற்காற்று தின்ற தம்பி வீட்டு ஜன்னல் கம்பியிலிருந்து உதிருமே, அதே நிறம். ஸ்வீடனில் இருக்கும் என் மேலதிகாரி லார்ஸை வீடியோவில் அழைத்துக் காட்டினேன். “நிறுத்து” என்றார். என் கை பொத்தானுக்குப் போனது.

“நிறுத்தாதீங்கக்கா,” என்று சுமதி ஓடிவந்தாள். “அது நாங்க வச்ச குங்குமம். மெஷினு ஆடிக்கினே கீதுல்ல, உதிர்ந்துட்ச்சு.”

“ஓடுற மெஷினுக்கா பொட்டு வச்சீங்க?”

“நிறுத்தினா டெஸ்ட்டு போச்சு. அதுக்கு மட்டும் வைக்காம வுட்டா மனசு கேக்குமா? அதான் மேல, கவர்ல வச்சோம். அம்மா வூட்ல மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு செஞ்சதுக்கா.”

இதை எப்படி லார்ஸுக்குச் சொல்வது? இயந்திரத்துக்கு மரியாதை செய்திருக்கிறார்கள் என்றேன். “நல்லது. மரியாதையில் ஏன் தூள் இருக்கிறது?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம். என்ன தூள் என்று தெரியாமல் ஓடினால் சோதனை செல்லாது என்றும் சொன்னார். அதுவும் நியாயம்தானே.

அப்போதுதான் ஆரத்தித் தண்ணீர் நினைவுக்கு வந்தது. அதுவும் மஞ்சளும் சுண்ணாம்பும்தானே. அந்தச் சிவப்பில் எலுமிச்சை பட்டால் மஞ்சளாகிவிடும், துரு மாறாது. எலுமிச்சைக்கா பஞ்சம்? பூஜை முடிந்து வாசலெங்கும் கிடந்தது. தட்டிலிருந்த தூளை வழித்து வெள்ளைத் தாளில் கொட்டி, துருவென்றால் சிவப்பாகவே இருக்கும் என்று லார்ஸிடம் சொல்லிவிட்டு, காமிராவுக்கு முன்னால் எலுமிச்சையைப் பிழிந்தேன். மிச்சமில்லாமல் மஞ்சளானது. லார்ஸ் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து பார்த்துவிட்டு, “ஓடட்டும்” என்றார். பொட்டையும் விடாமல் சோதனையையும் கெடுக்காமல் பார்த்துக்கொண்ட இவர்களையும், கண்ணால் கண்டதும் சொன்னதை மாற்றிக்கொண்ட அவரையும் எனக்கு ஒரே அளவு பிடித்துப்போயிற்று.

வாரம் முடிந்து வட்டைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்தோம். உரசிய தடத்தில் பூச்சு முழுசாக இருந்தது. படத்தை லார்ஸ் வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அவ்வளவு மோசமில்லை” என்றார்.

சுமதியின் கண் நிறைந்துவிட்டது. “இன்னாக்கா, மோசமில்லைன்றாரு. ஃபெயிலா?”

என் வேலையைப் பார்த்து அந்தச் சொல்லை அவர் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார். அன்று வீட்டுக்குப் போய் சந்தோஷத்தில் அழுதேன். “இதுக்கு மேல அந்த ஊர்ல பாராட்டே கிடையாது சுமதி. நீ ஜெயிச்சுட்ட.”

அறையே கைதட்டி ஆர்ப்பரித்தது. திரையில் லார்ஸ் திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார். பாவம், அவருக்கு இவ்வளவு சத்தம் ஆகாது. ஒலியைக் குறைக்க என் ஒரு கை தானாகப் போயிற்று. இன்னொரு கையைச் சுமதி பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.