மாப்பிள்ளை சைக்கிளும் மூன்று புடவைப் பாவும்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர்கள் வாழும் ஒரு தெருவில் நான் சினிமா எடுத்துக்கொண்டிருந்தேன். சினிமா என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரே தொழிற்சாலைக்கு பஸ் ஏறும் மூன்று பேர், ஒரு செல்போன், ஓர் ஓட்டை சைக்கிள். அவ்வளவுதான் எங்கள் கம்பெனி. நான் டைரக்டர். என் தோழி கேமரா. இன்னொரு நண்பர் கதாநாயகன்.

தன்னம்பிக்கைக்கு மட்டும் எனக்குக் குறைச்சலே இல்லை. கையில் காசில்லாததையே கொள்கையாக்கி ஐந்து விதிகள் எழுதி, மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். விளக்கு வைக்கக் கூடாது, சூரிய வெளிச்சம் மட்டும்தான். பின்னணி இசை கிடையாது. வீட்டில் இருக்கும் துணிதான் உடுத்த வேண்டும். ஒரு காட்சியை ஒரே தடவைதான் எடுக்க வேண்டும். ஐந்தாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விதி: கேமரா ஓடும்போது எதிரில் என்ன நடந்தாலும், யார் என்ன கத்தினாலும், நான் கையைத் தூக்கும்வரை யாரும் நடிப்பை நிறுத்தக் கூடாது. இதை எழுதிய அன்று நானே எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். அவ்வளவு பெருமை.

அன்றைய காட்சி இதுதான். மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்கே தாமதமாகி, பட்டு வேட்டியும் மாலையுமாக சைக்கிளில் பறக்கிறார். வழியில் ஊரே கூப்பிடுகிறது. அவர் யாருக்கும் நிற்கவில்லை.

நாங்கள் போனபோது தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள். புடவையின் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள்தான் பாவு. ஆயிரக்கணக்கான இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துக் காயவைத்த பிறகுதான் தறியில் ஏற்றுவார்கள். நடுநடுவே தாங்குவதற்கு மரக்கால்கள் நிற்கும். எனக்குத் தென்னேரிப் பக்கம், விவசாயக் குடும்பம். தறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. மஞ்சள் வெயிலில் அரக்கு நிறத்தில் மின்னிய அந்தப் பாவு என் கண்ணுக்கு இலவசமாகக் கிடைத்த செட்டிங்காகத்தான் தெரிந்தது.

பாவுக்குச் சொந்தக்கார அக்கா கஞ்சிக் கையோடு வந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல சுருட்டிடுவோம்மா. அப்பறம் தெருவே உங்களுதுதான், இன்னா வேணா எடுத்துக்கங்க" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்தால் வெயில் வெளுத்துவிடும். முதல் விதிப்படி விளக்கும் வைக்க முடியாது. "ஓரமா ஒரே ஒரு தடவை போயிடுவாருக்கா" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் கேமராவுக்கு சைகை காட்டிவிட்டேன். அது என் தப்பு. பூசி மெழுக ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை வந்தார், பறந்துதான் வந்தார். பாதித் தெருவில் அவர் மாலை ஹேண்டில்பாரில் சிக்கி, சைக்கிள் பாவுப் பக்கமாகச் சாய்ந்தது. "நிறுத்துப்பா! யோவ், நிறுத்து!" என்று அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தினார். தெருவே கத்தியது. எங்கள் கதாநாயகனோ ஐந்தாவது விதியைக் கடைப்பிடிக்கும் உத்தமர். பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக மிதித்தார். நேராகப் போய் மரக்காலில் மோதினார். மரக்கால் விழுந்தது, அடுத்ததும் விழுந்தது. ஈரப் பாவு தொய்ந்து மண்ணில் படிந்தது.

தூக்க வேண்டிய கையைத் தூக்கக்கூட மறந்து நின்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அக்காவுக்குத் திட்டக்கூட நேரமில்லை. "மூணு பொடவைப் பாவும்மா இது. பொடவைங்க பங்குனியில ஒரு கல்யாணத்துக்குப் போவணும். காஞ்சிட்டா எல்லாம் ஒட்டிக்கினு பூடும். வாங்க, புடிங்க!" என்றார். அவர் வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஓடி வந்து இருபுறமும் நின்று பாவைத் தூக்கிப் பிடித்தார்கள். இன்னும் ஆள் போதவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். என் தோழி இன்னும் எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நிற்க, செல்போனைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கீழே வைடி. வந்து புடி" என்றேன்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் அந்தப் பாவைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா கஞ்சியை மறுபடி லேசாகத் தடவி, ஒட்டிய இழைகளை விரலால் பிரித்துக்கொண்டே வந்தார். அறுந்த இழைகளை அவர் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக முடிந்தார். எனக்குத் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. அசைந்தால், "கைய எடுக்காதம்மா டைரக்டரு" என்று எதிர்வீட்டு அம்மா அதட்டுவார். நசுங்கிய மாலையோடு நின்ற மாப்பிள்ளையை, "முகூர்த்தம் பூடுச்சுப்பா, இனிமே இங்கதான் உனுக்குக் குடித்தனம்" என்று கலாய்த்தார்கள். அவர் நிமிரவே இல்லை.

ஒருவழியாகப் பாவைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்ததா இல்லையா என்பது தறியில் ஏறினால்தான் தெரியுமாம். கிளம்பும்போது அக்காவின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நெய்யறப்போ தெரியும், போம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்த இரண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகையாகச் சொல்வதாக நினைப்பீர்கள். உண்மை அதுதான்.

சித்திரையில் மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். "எடுத்தது போன்ல அப்படியே இருக்குதுக்கா. நீங்க வேணாம்னா அழிச்சிடறேன்" என்றேன். அவர் செல்போனை வாங்கி இரண்டு முறை பார்த்தார். "போட்டுக்கோ. ஆனா மொதல்ல எங்க தெருவுலதான் காட்டணும்" என்றார். பாவு என்ன ஆனது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

படம் முடிந்ததும் அதே தெருவில் ஒரு சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, சாயங்காலம் இருட்டியதும் காட்டினோம். முதல் அரை மணி நேரம் தெரு குலுங்கியது. எனக்குப் பழைய தெம்பெல்லாம் திரும்பிவிட்டது. சைக்கிள் காட்சி வந்தது. எங்கள் தொழிற்சாலை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த காட்சி அது. மரக்கால் விழுந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. "ஐயோ" என்று ஒரு குரல். முன்வரிசையில் ஒருவர் அந்தப் பாவைப் பிடிக்கப்போவதுபோல் பாதி எழுந்தேவிட்டார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஓடிப்போய் வேட்டியைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது.

அப்போது பின்னாலிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது.

"மூணு பொடவையும் நல்லாத்தாம்பா வந்துச்சு. கல்யாணமும் ஆயிடுச்சு. சிரிங்க!"

தெரு சிரித்தது. எழுந்தவர் உட்கார்ந்து சிரித்தார். எல்லோரையும்விட அக்காதான் உரக்கச் சிரித்தார். நான் மட்டும் துப்பட்டாவால் முகத்தை மூடி அழுதேன்.

அதன் பிறகு இன்னும் இரண்டு நகைச்சுவைப் படங்கள் எடுத்துவிட்டேன், நன்றாகவே எடுத்தேன் என்றும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறை கூட்டம் சிரிக்கும்போதும், இந்தச் சிரிப்புக்காக நஷ்டப்பட்டவர் யாராவது இருந்தால் அவரும் சேர்ந்து சிரிக்கிறாரா என்று என் கண்கள் இருட்டில் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன.